புற்றுநோய் பரம்பரையாக வருமா?



சென்ற மாதம் இதுபற்றி வானொலியில் பேசிய பின்னர் வந்த தொலைபேசி அழைப்புகளில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒன்று: "அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்ப எனக்கும் வரும்தானே?" மற்றது கேள்வி அல்ல, உறுதிமொழி: "எங்கட பரம்பரையில அப்பிடி ஒண்டும் இல்லை. எங்களுக்குப் பயமில்லை." முதலாமவர் தேவைக்கு அதிகமாகப் பயப்படுகிறார். இரண்டாமவர் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக எண்ணுகிறார். வானலையில் கிடைத்த பத்து நிமிடத்தில் இரண்டுக்கும் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. நான் வைத்தியர் அல்ல, கணக்காளர். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் இந்த விடயத்தில் பாதி கணக்குத்தான் என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் பெரிய கணக்கு. நூறு புற்றுநோயாளரை எடுத்துக்கொண்டால், பெற்றோரிடமிருந்து பிறப்பிலேயே வந்த ஒரு தனி மரபணு மாற்றம் முக்கிய காரணமாக இருப்பது ஐந்து முதல் பத்துப் பேரில்தான். மற்றவர்களுக்கு வயது, புகைத்தல், புகையிலையோடு போடும் வெற்றிலை, மது, உடற்பருமன், சில கிருமித் தொற்றுகள், வெறும் தற்செயல் என்று பல காரணங்கள். ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு வந்தால் அது பரம்பரையாகத்தான் இருக்கவேண்டும் என்றும் இல்லை. புற்றுநோய் அவ்வளவு பரவலான நோய். கனடாவில் எட்டுப் பெண்களில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. பெரிய குடும்பத்தில் இரண்டு பேருக்குத் தற்செயலாகவே வரலாம். ஒரே சமையலைச் சாப்பிட்டு, ஒரே புகையைச் சுவாசித்தவர்களுக்கு ஒரே நோய் வருவதும் உண்டு.

இனி அந்த ஐந்து முதல் பத்து வீதத்துக்கு வருவோம்.

ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் 'பரம்பரை அலகு' என்று படித்ததைத்தான் இப்போது மரபணு என்கிறார்கள். நான் பிறகு வர்த்தகப் பிரிவுக்குப் போய்விட்டதால் அதை என் தொழில் மொழியிலேயே விளங்கிக்கொள்கிறேன். நம் உடலின் ஒவ்வொரு கலத்திலும் ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி. ஒவ்வொரு பிரதியிலும் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஒரு கலம் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் பேரேடு முழுவதும் புதிதாகப் பிரதி எடுக்கப்படுகிறது. இவ்வளவு எழுதினால் பிழை வராமல் இருக்குமா? வருகிறது. அதைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றை உடலின் கணக்காய்வாளர்கள் எனலாம். பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்பவை முறிந்துபோன டி.என்.ஏ. இழைகளைச் சரியாக ஒட்டவைக்க உதவுபவை. எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்ற நான்கும் எழுத்துப் பிழை பார்ப்பவை.

எந்த மரபணுவும் இரண்டு பிரதியாக இருப்பதால், ஒவ்வொரு கணக்காய்வு வேலைக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள். பரம்பரை மாற்றத்தோடு பிறந்தவருக்கு அந்த இருவரில் ஒருவர் ஆரம்பத்திலிருந்தே இல்லை. மற்றவர் வேலையைச் சமாளிப்பார். ஆகவே அந்தப் பிள்ளை எல்லாப் பிள்ளைகளையும்போல வளரும். பல வருடங்கள் கழித்து, எங்கோ ஒரு கலத்தில் அந்த இரண்டாமவரும் கெட்டுப்போனால், அந்தக் கலத்தின் கணக்கைப் பார்க்க ஆளில்லை. பிழைமேல் பிழை சேர்கிறது. மற்றவர்களுக்கு ஒரே கலத்தில் இருவருமே கெடவேண்டும். அது அரிது, நடந்தாலும் காலம் எடுக்கும். இதை அல்பிரட் நட்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 1971இல் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை வைத்துக் கணக்குப்போட்டுச் சொன்னார். மரபணுவைப் பிரித்துப் பார்க்கும் வசதி இல்லாத காலம் அது. பரம்பரையாக வந்த குழந்தைகளுக்கு நோய் முந்தி வந்தது, பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வந்தது. மற்றக் குழந்தைகளுக்குப் பிந்தி, ஒரு கண்ணில் மட்டும். வயதையும் கண்களின் எண்ணிக்கையையும் மட்டும் வைத்து அவர் கண்ட விடை பின்னர் சரியென்று நிரூபிக்கப்பட்டது. கணக்குப் படித்தவர்களுக்கு இதைவிட மகிழ்ச்சியான செய்தி இல்லை!

ஆகவே பெற்றோரிடமிருந்து வருவது நோய் அல்ல. ஒரு காவல் குறைந்த நிலைதான் வருகிறது. அந்த மாற்றம் உள்ள தாய் அல்லது தகப்பனிடமிருந்து அது ஒரு பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சரி பாதி. ஆண் பெண் வேறுபாடு இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் காசைத் தனித்தனியாகச் சுண்டுவது போலத்தான். நான்கு பிள்ளைகளில் நால்வருக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம். வராத பிள்ளையிடமிருந்து பேரப்பிள்ளைக்குப் போகாது. "ஒரு தலைமுறை விட்டு வரும்" என்று சொல்வார்கள். மாற்றம் அப்படித் தாண்டிக் குதிப்பதில்லை. அதைச் சுமந்தவருக்கு நோய் வராமல் இருந்திருக்கும், அவ்வளவுதான்.

இந்த அறிவு எங்கிருந்து தொடங்கியது என்பது நமக்குப் பொருத்தமான கதை. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அன் ஆர்பர் நகரில், ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் பேராசிரியரிடம் ஒரு தையற்காரப் பெண் பேசினார். அவர் பெயர் போலின் குரோஸ். அவருடைய குடும்பம் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறியது. தன் குடும்பத்தில் பலர் வயிறு, குடல், கருப்பைப் புற்றுநோயால் இளவயதில் இறந்ததாகவும், தானும் அப்படித்தான் இறப்பேன் என்றும் அவர் சொன்னார். அவருக்கு அப்போது எந்த நோயும் இல்லை. வார்த்தின் அதைப் பயந்த பெண்ணின் பேச்சு என்று ஒதுக்காமல், அந்தக் குடும்பத்தின் விபரங்களைச் சேர்க்கத் தொடங்கினார். யார் யாருக்கு யார் பிள்ளை, யார் எந்த வயதில் எதனால் இறந்தார் என்பதை அவருக்குத் திரட்டிக் கொடுத்தவர் அந்தத் தையற்காரப் பெண்தான். 1913இல் வார்த்தின் அதை வெளியிட்டார். போலின் தான் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார்.

வைத்திய நூல்களில் 'ஜி குடும்பம்' என்று வழங்கும் அந்தக் குடும்பத்தை ஹென்றி லிஞ்ச் என்ற வைத்தியர் மீண்டும் ஆராய்ந்து 1971இல் எழுதினார். புற்றுநோய் பரம்பரையாக வரலாம் என்று சொன்னதற்காக அவரைப் பல காலம் பலர் பொருட்படுத்தவில்லை. கடைசியில் 2000ஆம் ஆண்டில் அந்தக் குடும்பத்தின் மாற்றம் எம்.எஸ்.எச்.2 மரபணுவில் கண்டுபிடிக்கப்பட்டது. தையற்காரப் பெண் சொல்லி நூற்றைந்து வருடங்கள்! இன்று இந்த நிலைக்கு லிஞ்ச் நோய்க்குறி என்று பெயர். பெருங்குடல், கருப்பை ஆகிய இரண்டிலும் இதனால் ஆபத்து அதிகம். முந்நூறு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்த மாற்றம் இருப்பதாகக் கணிக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் அதைச் சுமப்பது தெரியாது.

மார்பகப் புற்றுநோய்க்கான மரபணுக்களின் கதை நம் காலத்தில் நடந்தது. மேரி-கிளேர் கிங் என்ற விஞ்ஞானி 1990இல் முதலாவது மரபணு 17ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதைக் காட்டினார். 1994இல் பி.ஆர்.சி.ஏ.1 பிரித்தெடுக்கப்பட்டது, 1995இல் பி.ஆர்.சி.ஏ.2. 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள பெண்களுக்கு 72 வீதம், பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ளவர்களுக்கு 69 வீதம். சூலகப் புற்றுநோய்க்கு 44 வீதமும் 17 வீதமும். பொதுவாகப் பெண்களுக்குச் சூலகப் புற்றுநோய் வருவது நூறில் ஒருவருக்குச் சற்று மேல் என்பதை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். அதே கணக்கை மறுபக்கமாகவும் வாசியுங்கள். 72 வீதம் என்றால் 28 பேருக்கு 80 வயதுவரை வரவில்லை.

நடிகை ஏஞ்சலினா ஜோலி 2013 மே மாதம் நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் தனக்கு பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் இருப்பதையும், நோய் வருமுன்னரே மார்பகங்களை அகற்றியதையும் எழுதினார். அவருடைய தாய் புற்றுநோயால் 56 வயதில் இறந்தவர். அதன்பின் ஆறு மாதத்தில் ரொறன்ரோ சன்னிபுரூக் வைத்தியசாலையில் மரபணு ஆலோசனைக்கு அனுப்பப்பட்ட பெண்களின் தொகை ஏறத்தாழ இரட்டிப்பானது. ஒரு நடிகையின் கட்டுரை, பல வருடத் துண்டுப்பிரசுரங்கள் செய்யாததைச் செய்தது.

இங்கே தகப்பன் பக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அழைத்த பெண்களில் அநேகர் அம்மா, அம்மம்மா, சின்னம்மா பற்றி மட்டுமே சொன்னார்கள். மார்பகம், சூலகம் என்றவுடன் தாய்வழி என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. பி.ஆர்.சி.ஏ. மாற்றம் தகப்பனிடமிருந்தும் அதே சரி பாதி வாய்ப்போடு வரும். தகப்பனுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது அரிது, ஆகவே அவர் வெளியே தெரியாத காவி. அப்பம்மா, மாமிமார், அவர்களுடைய பெண்பிள்ளைகள் ஆகியோரிடம்தான் தடயம் கிடைக்கும். ஆண்களுக்கும் இது வேறொருவரின் பிரச்சினை அல்ல. பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ள ஆண்களுக்குப் புரொஸ்ரேட் புற்றுநோய், சதையிப் புற்றுநோய், ஆண்களின் மார்பகப் புற்றுநோய் எல்லாவற்றிலும் ஆபத்துக் கூடுகிறது.

இதையெல்லாம் வைத்தியர் கண்டுபிடிக்கத் தொடங்குவது இரத்தத்திலிருந்து அல்ல. "உங்கள் குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில்?" என்ற கேள்வியிலிருந்துதான். நாம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

போலின் குரோஸிடம் ஒரே மாநிலத்தில் வாழ்ந்த சொந்தங்கள் இருந்தார்கள். நமக்கு ஒரு சித்தப்பா பாரிஸில், ஒரு மாமி ஒஸ்லோவில், ஒரு பெரியம்மா இன்னும் பருத்தித்துறையில். இறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் போய்விட்டது, அல்லது அதில் வெறும் 'மாரடைப்பு' என்று இருக்கிறது. இன்னும் ஒன்று, இதை எழுதுவது இலகு அல்ல. சூலகப் புற்றுநோய் வரும் வயதை அடையாமலே நம்முடைய எத்தனை பெண்கள் இறந்தார்கள்? 24 வயதில் ஷெல் விழுந்து இறந்த மாமியின் கிளையில் புற்றுநோய் இல்லை என்று எழுதினால் அது சரியான பதிவா? கணக்கில் பூச்சியம் வேறு, பதிவு இல்லை என்பது வேறு. அந்தக் கிளை பூச்சியம் அல்ல, வெற்றிடம். மரபணு ஆலோசகர்களுக்கு இது தெரியும். இளவயதில் இறந்தவர்கள் அதிகமான குடும்பத்தில், அல்லது பெண்கள் குறைவான குடும்பத்தில், ஒரேயொருவருக்கு நோய் வந்தாலும் அதற்குக் கூடுதல் எடை கொடுப்பார்கள். ஆனால் நாம் சொன்னால்தானே? "ஒருவருக்கும் இல்லை" என்று படிவத்தில் கோடு போட்டுவிட்டு வந்தால் அவர்கள் பூச்சியம் என்றுதான் எடுப்பார்கள். ஆகவே இறந்த வயதையும் காரணத்தையும் எழுதுங்கள். '1990, வயது 31, குண்டுவீச்சு' என்பதும் வைத்தியத் தகவல்தான்.

வயதானவர்களிடம் "ஆருக்கும் புற்றுநோய் இருந்ததா?" என்று நேரே கேட்டால் "சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை" என்றுதான் வரும். அந்தச் சொல்லையே வாயில் எடுக்காத தலைமுறை அது. கேட்கும் விதத்தை மாற்றவேண்டும். "மகரகமவுக்குக் கொண்டு போனவையா?" என்று கேளுங்கள். கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள அந்தப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு இன்று அபேக்ஷா என்று பெயர், ஆனால் நம் பெரியவர்களுக்கு ஊரின் பெயரே நோயின் பெயர். "கரண்ட் பிடிச்சவையா?", "தலைமயிர் கொட்டினதா?", "வயித்துக்கை கட்டி எண்டு வெட்டினவையா?", "அப்ப கடைசிப் பிள்ளைக்கு எத்தனை வயசு?" கடைசிக் கேள்வி வீணானது அல்ல. நம் பெரியவர்களுக்கு ஆண்டு ஞாபகம் இராது, பிள்ளைகளின் வயதும் எந்த இடப்பெயர்வுக்கு முன் பின் என்பதும் ஞாபகம் இருக்கும். அதிலிருந்து வயதை நாம் கணக்கிடலாம். 50 வயதுக்கு முன் வந்த மார்பக அல்லது குடல் புற்றுநோய், எந்த வயதிலும் வந்த சூலகப் புற்றுநோய், ஒருவருக்கே இரண்டு புற்றுநோய், ஒரே பக்கத்தில் பலருக்கு வந்தது ஆகியவற்றை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

மறைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சம்பந்தம். "பெட்டைக்குக் கலியாணம் பேசிற நேரம், வெளியிலை விடாதை" என்று ஒரு தாய் தன் சகோதரியின் நோயை மறைத்ததாக ஒரு நேயர் சொன்னார். அந்தத் தாயை நான் குறைசொல்லமாட்டேன். நம் சமூகம் என்ன பேசும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் மறைத்தது யாரிடமிருந்து என்று பார்த்தால், மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து மட்டும் அல்ல. அந்தப் பெண்ணிடமிருந்தும்தான்.

சோதனைக்குப் போவது எப்படி? ஒன்ராறியோவில் குடும்ப வைத்தியர் மரபணு நிலையத்துக்கு அனுப்பவேண்டும். தகுதி விதிகளுக்குள் வந்தால் செலவை ஓகிப் ஏற்கும். முடிந்தால் குடும்பத்தில் நோய் வந்தவரை முதலில் சோதிப்பது நல்லது. அவரிடம் மாற்றம் கிடைத்தால், மற்றவர்களிடம் அந்த ஒன்றைத் தேடினால் போதும். அது இல்லை என்று வருபவர் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அவருக்குப் பொதுமக்களுக்குள்ள ஆபத்துத்தான். மாறாக, நோய் வந்தவரைச் சோதிக்காமல் நோய் வராதவருக்கு மட்டும் பார்த்து 'இல்லை' என்று வந்தால், அது முழு விடுதலை அல்ல.

மூன்றாவது விடை ஒன்றும் உண்டு. மாற்றம் இருக்கிறது, ஆனால் அது தீங்கானதா என்று இன்னும் தெரியாது என்பார்கள். இது நம்மவர்களுக்கு வெள்ளையரைவிட அடிக்கடி வருகிறது. உலகத்தின் மரபணுத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சத்தவருடையது, தென்னாசியருடையது குறைவு. நமது பேரேட்டில் ஓர் எழுத்து வித்தியாசமாக இருந்தால், அது பிழையா அல்லது நம் ஊர் வழக்கமான எழுத்தா என்று ஒப்பிட ஆளில்லை. இப்படியானவற்றில் பெரும்பாலானவை பின்னர் தீங்கற்றவை என்றே தீர்மானிக்கப்படுகின்றன. இந்த விடையை வைத்துக்கொண்டு யாரும் சத்திரசிகிச்சைக்கு ஓடக்கூடாது. சில வருடங்களுக்கு ஒருமுறை நிலையத்தை அழைத்து, தீர்மானம் மாறியிருக்கிறதா என்று கேட்டால் போதும்.

எச்சிலைத் தபாலில் அனுப்பும் வீட்டுச் சோதனைகள் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2018இல் அமெரிக்க அரசு ஒரு நிறுவனத்தின் பி.ஆர்.சி.ஏ. வீட்டுச் சோதனைக்கு அனுமதி கொடுத்தபோது அது பார்த்தது மூன்றே மூன்று மாற்றங்களை. மூன்றும் அஷ்கனாசி யூதரிடம் பரவலானவை. தீங்கான மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, அப்படியான சோதனையில் 'இல்லை' என்று வந்தது ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு என்ன சொல்லும்? பெரிதாக ஒன்றும் இல்லை.

காப்புறுதி பற்றிய கேள்விக்கு நான் தயங்காமல் பதில் சொல்வேன், அது என் தொழிலுக்கு அண்மையானது. கனடாவில் 2017 மே மாதம் மரபணுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தது. மரபணுச் சோதனை செய்யும்படியோ அதன் முடிவைத் தரும்படியோ காப்புறுதி நிறுவனமோ வேலை கொடுப்பவரோ கட்டாயப்படுத்த முடியாது. மீறினால் பத்து இலட்சம் டொலர் வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை. கியூபெக் மாநில அரசு இதை எதிர்த்தது. 2020 யூலையில் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் சட்டம் செல்லும் என்றது. ஆனால் சட்டம் காப்பது சோதனை முடிவைத்தான். "தாய்க்கு, சகோதரிக்குப் புற்றுநோய் இருந்ததா?" என்று ஆயுள் காப்புறுதிப் படிவம் இன்னும் கேட்கலாம். அதற்குத் தெரிந்ததை உண்மையாக எழுதவேண்டும். பொய் எழுதினால் கடைசியில் பணம் வராமல் போவது பிள்ளைகளுக்குத்தான்.

மாற்றம் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? "தெரிஞ்சு என்ன பிரயோசனம், கவலைதான் மிச்சம்" என்று ஒரு ஐயா சொன்னார். பிரயோசனம் இருக்கிறது. ஒன்ராறியோவில் 2011இல் தொடங்கிய அதிக ஆபத்துள்ளோருக்கான மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில், தகுதியானவர்களுக்கு 30 வயதிலிருந்து வருடா வருடம் மமோகிராமும் எம்.ஆர்.ஐ.யும் எடுப்பார்கள். சூலகத்துக்கு நம்பகமான பரிசோதனை இல்லை, ஆகவே பிள்ளைப்பேறு முடிந்தபின் சூலகங்களையும் பலோப்பியன் குழாய்களையும் அகற்றுவது பற்றி வைத்தியர்கள் பேசுவார்கள். பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35க்கும் 40க்கும் இடையில். லிஞ்ச் குடும்பத்தவருக்கு இளவயதிலிருந்தே ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலனோஸ்கோப்பி. குடலில் முளைக்கும் சிறு கட்டியை அது புற்றுநோயாகும் முன்னரே வெட்டி எடுத்துவிடலாம். அஸ்பிரின்கூட உதவுகிறது: லிஞ்ச் உள்ள 861 பேரிடம் நடந்த ஆய்வின் நீண்டகால முடிவு 2020இல் வந்தது. அஸ்பிரின் எடுத்தவர்களில் 9 வீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 13 வீதத்தினருக்கும் குடல் புற்றுநோய் வந்தது. ஆனால் அஸ்பிரின் வயிற்றில் இரத்தக்கசிவு உண்டாக்கக்கூடிய மருந்து; வைத்தியரிடம் கேளாமல் தொடங்கவேண்டாம். நோய் ஏற்கெனவே வந்தவர்களுக்கும் பயன் உண்டு. பி.ஆர்.சி.ஏ. மாற்றம் உள்ளவர்களின் புற்றுநோய்க்கென்றே 2014 முதல் தனி மருந்துகள் வந்திருக்கின்றன.

கடைசியாக, மிசிசாகாவிலிருந்து அழைத்த தங்கையின் கேள்வி. அவருக்கு மாற்றம் இருப்பதாக முடிவு வந்திருக்கிறது. ஜேர்மனியிலும் இலண்டனிலும் உள்ள ஒன்றுவிட்ட சகோதரங்களுக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டார். அவர்களில் ஒரு பகுதியோடு காணிப் பிரச்சினையால் பதினொரு வருடமாகப் பேச்சு இல்லை. தங்கச்சி, உங்கள் மரபணு நிலையத்திடம் 'குடும்பத்துக்கான கடிதம்' கேளுங்கள். உங்கள் மற்றைய வைத்திய விபரங்கள் எதுவும் இல்லாமல், எந்த மரபணுவில் எந்த இடத்தில் மாற்றம் என்பதை மட்டும் எழுதித் தருவார்கள். அந்த ஒரு வரியைக் கொண்டு எந்த நாட்டு வைத்தியரும் அந்த ஒரு இடத்தைப் பார்க்கலாம். பேச்சு இல்லாதவர்களுக்கு நீங்கள் பேசவேண்டியதில்லை, தபாலில் போட்டால் போதும். ஆங்கிலக் கடிதத்தோடு தமிழில் ஒரு பக்கம் வைக்க விரும்பினால், ஞாயிறு காலை நிலையத்துக்கு அழையுங்கள். எழுதித் தருகிறேன்.